ஜெட் பம்பில் வெளிச்சந்தைப் பாகங்கள்: பழுதைக் கண்டறியும் முறை

ஜெட் ஸ்கியின் பம்ப் பார்வைக்கு எளிய அமைப்புதான். வண்டியின் அடியில் உள்ள கிரேட் வழியாக நீர் மேலேறுகிறது. இம்பெல்லர் அதைப் பிடித்துச் சுழற்றிப் பின்னுக்குத் தள்ளுகிறது. அந்தச் சுழலை ஸ்டேட்டரின் அசையாத இதழ்கள் நேராக்குகின்றன. பின்னோக்கிக் குறுகும் நாசில் நீரின் வேகத்தைக் கூட்டி வெளியே பீய்ச்சுகிறது. இம்பெல்லரைச் சுற்றி வேர் ரிங் என்னும் வளையம் உண்டு. இதழின் நுனிக்கும் இந்த வளையத்துக்கும் நடுவே விடப்படும் இடைவெளியை நம்பித்தான் பம்ப் முழுவதும் இயங்குகிறது. கவாசாகியின் பல மாடல்களுக்குச் சர்வீஸ் கையேடு சொல்லும் அளவு 0.2 முதல் 0.3 மி.மீ. அது 0.6 மி.மீ.க்கு மேல் போனால் பாகத்தை மாற்றியாக வேண்டும். இந்தச் சிறு வித்தியாசத்தில் வண்டியின் கிளம்பும் வேகம் கண்கூடாகக் குறைந்துவிடும்.

வண்டியைத் தயாரித்த நிறுவனம் தராமல் வேறு நிறுவனங்கள் செய்து விற்கும் பாகங்களே வெளிச்சந்தைப் பாகங்கள். விலை குறைவு என்பதற்காகச் சிலர் வாங்குவார்கள். பழைய மாடலுக்கு ஒரிஜினல் கிடைக்காமல் சிலர் வாங்குவார்கள். வேகம் கூட்ட விரும்பிச் சிலர் வாங்குவார்கள். இவை எல்லாமே மட்டம் என்று ஒதுக்குவது சரியன்று. சோலாஸ், ஸ்கேட்-டிராக் போன்ற இம்பெல்லர்களைப் பந்தய ஓட்டிகளே தேடிப் பொருத்துகிறார்கள். சிக்கல் பெரும்பாலும் பாகத்தின் உலோகத்தில் இருப்பதில்லை. அது பக்கத்துப் பாகங்களோடு சேரும் இடத்தில் இருக்கிறது. அதனால் பழுது பார்ப்பவர் புதிய பாகத்தை மட்டும் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பயனில்லை. அது எதைத் தொடுகிறது, எதை அடைக்கிறது, எதன் பாரத்தைச் சுமக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கை வைக்கும் முன்

பம்புக்குள் விரல் போவதற்கு முன் பாதுகாப்புக் கயிற்றின் சாவியைக் கழற்றி, பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பையும் எடுத்துவிட வேண்டும். இம்பெல்லர் இதழின் விளிம்பு இன்ஜின் நின்றிருக்கும்போதுகூடக் கையைக் கிழிக்கும். நீரில் இருக்கும்போது, இன்ஜின் ஓடும் நிலையில், கிரேட்டில் சிக்கிய கயிற்றையோ பாசியையோ கையால் இழுக்க முயலவே கூடாது.

கரையில் வைத்து இன்ஜினை ஓட்டிப் பார்ப்பதற்கும் எல்லை உண்டு. சீடூ வண்டிகளில், இம்பெல்லரைச் சுழற்றும் ஷாஃப்ட் உடலுக்குள் நுழையும் இடத்தை அடைப்பது ஒரு கார்பன் வளையம். அதைக் குளிர்விப்பது சுற்றியுள்ள நீர்தான். கழுவுவதற்காகப் பொருத்தும் குழாய் அந்த இடத்தை எட்டுவதில்லை. புதிய பம்ப் பாகம் சரியாகச் சுற்றுகிறதா என்று கரையிலேயே நீண்ட நேரம் ஓட்டிப் பார்த்ததில், பம்ப் நன்றாக இருந்தும் கார்பன் வளையம் கருகிப்போவது உண்டு. பிறகு வரும் காற்றுக்கசிவுக்குப் பழி புதிய இம்பெல்லர் மேல் விழும்.

அடுத்து, வண்டியின் சரியான மாடல் ஆண்டை உறுதி செய்துகொள்ள வேண்டும். உடலின் பின்பக்கம் பொறித்திருக்கும் 12 எழுத்து-எண் அடையாளத்தின் கடைசி இரு இலக்கங்கள் மாடல் ஆண்டைக் காட்டும். ஒரே பெயரில் விற்ற வண்டிகளுக்கு ஆண்டுக்கு ஆண்டு பம்ப் மாறியிருக்கிறது. பம்பின் விட்ட அளவுகளும் பல: யமஹா சூப்பர்ஜெட்டுக்கு 144 மி.மீ., பல யமஹா, சீடூ வண்டிகளுக்கு 155 மி.மீ.யை ஒட்டி, சூப்பர்சார்ஜர் வைத்த சில சீடூக்களுக்கு 159 மி.மீ. விளம்பரத்தில் ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று போட்டிருந்தால் அங்கேயே சந்தேகப்படலாம்.

நீரில் தெரியும் அறிகுறிகள்

பழுது பார்க்க வரும் வண்டிகளில் அடிக்கடி கேட்கும் புகார், இன்ஜின் கத்துகிறது, வண்டி போவதில்லை என்பது. இதற்கு மூன்று வேறு காரணங்கள் உண்டு. மூன்றையும் ‘கேவிட்டேஷன்’ என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதால்தான் தேவையில்லாத பாகங்கள் வாங்கப்படுகின்றன.

முதலாவது, உண்மையான கேவிட்டேஷன். இதழின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகவும் தாழ்ந்துபோனால் நீர் சாதாரண வெப்பநிலையிலேயே ஆவியாகிக் குமிழாகும். அழுத்தம் கூடும் இடத்துக்கு வந்ததும் குமிழ் நொறுங்கும். நொறுங்கும்போது உலோகத்தைக் கொத்தி எடுக்கும். இடைவெளி கூடியிருந்தாலும், இதழின் முன்விளிம்பு கல் பட்டு மழுங்கியிருந்தாலும் இது நிகழும். நின்ற நிலையிலிருந்து வேகமெடுக்கும்போதுதான் இது அதிகம் தெரியும். ஆர்.பி.எம். சட்டென ஏறும்; சில நொடிகளில் பம்ப் நீரைப் பிடித்துக்கொண்டு வண்டி கிளம்பும்.

இரண்டாவது, காற்று உறிஞ்சல். பம்புக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள சீல், கார்பன் வளையம், நீர் நுழையும் பாகமான பம்ப் ஷூவைச் சுற்றிய சிலிக்கோன் ஆகிய எந்த வழியிலாவது வெளிக்காற்று உள்ளே வந்தால், இம்பெல்லர் நீரோடு காற்றையும் சேர்த்துப் பிடிக்கும். இது எல்லா வேகத்திலும் இருக்கும். திருப்பும்போதும் அலையில் குதிக்கும்போதும் கூடும். வேர் ரிங்கைப் புதிதாக மாற்றிய பிறகும் வழுக்கல் அப்படியே இருந்தால் இதைத்தான் முதலில் தேட வேண்டும்.

மூன்றாவதில் வழுக்கலே கிடையாது. பிட்ச் (இதழின் சாய்வுக் கோணம்) குறைவான இம்பெல்லர் மாட்டினால் வண்டி நன்றாகக் கிளம்பும், உந்துதல் தடைபடாது. ஆனால் முழு வேகத்தை எட்டும் முன்பே ஆர்.பி.எம். உச்சத்தைத் தொட்டு லிமிட்டரில் முட்டும். இதில் கோளாறான பாகம் எதுவும் இல்லை, தேர்வுதான் தவறு.

ஆகவே சோதனை ஓட்டத்தில் குறித்துக்கொள்ள வேண்டியவை: நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது ஆர்.பி.எம். எப்படி ஏறுகிறது, சமநீரில் முழு வேகத்தில் எங்கே நிற்கிறது, அப்போது ஜிபிஎஸ் காட்டும் வேகம் என்ன. எரிபொருள் அளவும் ஆள் எடையும் ஒன்றாக இருந்தால்தான் பழைய குறிப்போடு ஒப்பிட முடியும். பாகம் மாற்றும் முன்பே இந்த எண்களை எழுதி வைத்திருப்பவருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி.

அளந்து பார்த்தல்

கிரேட்டைக் கழற்றிவிட்டால் முன்பக்கத்திலிருந்து ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளியை அளக்கலாம். ஓரிடத்தில் மட்டும் அளந்து நிறுத்துவது பலரும் செய்யும் பிழை. ஒவ்வொரு இதழின் நுனியிலும், வளையத்தின் மேல், கீழ், இடம், வலம் என நான்கு இடங்களிலும் அளக்க வேண்டும். இம்பெல்லரைக் கையால் மெல்லச் சுற்றும்போது குறுகலான இடைவெளி இதழோடு சேர்ந்து நகர்ந்தால், அந்த இதழ் வளைந்திருக்கிறது அல்லது இம்பெல்லர் வட்டம் தவறிக் கடையப்பட்டிருக்கிறது. எந்த இதழ் வந்தாலும் வளையத்தின் ஒரே இடத்தில் குறுகினால், வளையம் நீள்வட்டமாக உட்கார்ந்திருக்கிறது அல்லது பம்பின் அச்சு மையம் விலகியிருக்கிறது. புது இம்பெல்லரைத் திருப்பித் தருவதா வைத்துக்கொள்வதா என்பதை இந்த ஒரு சோதனையே பெரும்பாலும் தீர்த்துவிடும்.

பழைய பாகத்தையும் உடனே குப்பையில் போடக் கூடாது. வளையத்தில் சுற்றிலும் ஒரே சீராக மெல்லிய கீறல்கள் இருந்தால் மணல். ஒரே ஓர் ஆழமான வடு என்றால் கல் அல்லது சிப்பி. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் பேரிங் ஆடுகிறது. பிளாஸ்டிக் உருகி வழுவழுப்பாகியிருந்தால் இடைவெளி இல்லாமல் இறுக்கமாக ஓடியிருக்கிறது, அல்லது நீரில்லாமல் ஓடியிருக்கிறது. இம்பெல்லரில், முன்விளிம்பில் பள்ளமும் மடிப்பும் கல்லைக் காட்டும்; இதழின் முதுகில் பூச்சி அரித்தது போன்ற குழிகள் கேவிட்டேஷனைக் காட்டும்; நுனி மட்டும் பளபளத்துச் சிலும்பியிருந்தால் வளையத்தில் உரசியிருக்கிறது.

வேர் ரிங்: தேய வேண்டியது எது

சீடூ தன் பல பம்புகளில் பிளாஸ்டிக் வேர் ரிங்கை வைப்பதில் சிக்கனம் மட்டும் நோக்கமில்லை. கல் உள்ளே வந்தால் முதலில் வெட்டுப்பட வேண்டியது அந்த மலிவான வளையம்தான். இம்பெல்லரும் வெளிக்கூடும் தப்பிக்க வேண்டும். வெளிச்சந்தையில் இதற்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வளையம் கிடைக்கிறது. அது எளிதில் தேயாது. மணல் மிகுந்த இடங்களில் நன்றாகவே உழைக்கும். ஆனால் அதை மாட்டியதும் எந்தப் பாகம் முதலில் விட்டுக்கொடுக்கும் என்ற வரிசை மாறிவிடுகிறது. இனி கல் வந்தால் அடி வாங்குவது இம்பெல்லரின் இதழ். வளையத்தைவிடப் பல மடங்கு விலையான பாகம் அது. ஸ்டீல் வளையம் போட்டபின் இம்பெல்லர் அடிக்கடி வளைகிறது என்று புகார் வந்தால் இம்பெல்லரின் தரத்தைச் சந்தேகிக்கத் தேவையில்லை.

உப்புநீரில் ஸ்டீல் வளையத்துக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டிருந்தால் மின்வேதி அரிப்பு தொடங்கும்; அரிக்கப்படுவது அலுமினியம். வளையத்துக்குப் பின்னால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக உப்பிக்கொண்டே போகும். அதற்குப் போக வேறு வழி இல்லாததால் வளையத்தை உள்நோக்கித் தள்ளும். பொருத்தும்போது சரியாக இருந்த இடைவெளி ஒரு பருவம் கழிந்ததும் ஓரிடத்தில் காணாமல் போகும்; இம்பெல்லர் உரசத் தொடங்கும். உள்வளையத்தைத் தொழிற்சாலையிலேயே ஸ்டீலில் அமைத்த பம்புகளிலும் காலப்போக்கில் இது வருவதுண்டு. கூடும் வளையமும் சேரும் இடத்தைச் சுத்தமாகத் துடைத்துக் காப்புப் பசை தடவுவதும், துத்தநாக ஆனோடை நேரத்துக்கு மாற்றுவதும், ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பின்னும் நன்னீரில் கழுவுவதும் இதைத் தள்ளிப்போடும். அடியோடு நிறுத்தாது. கடலில் ஓடும் வாடகை வண்டிக்குப் பிளாஸ்டிக் வளையத்தைப் பருவத்துக்கு ஒருமுறை மாற்றுவதே கணக்கில் லாபம்.

மலிவான பிளாஸ்டிக் வளையங்களில் வரும் குறை வேறு மாதிரி. சில தேவைக்கு மேல் தடித்திருக்கும். சில கூட்டுக்குள் சாய்வாக இறங்கி அங்கேயே சிக்கிக்கொள்ளும். சுத்தியலால் ஒரு பக்கமாகத் தட்டி இறக்கினால் வளையம் நீள்வட்டமாகிவிடும். சோப்புநீர் தடவி, அகலமான தட்டு ஒன்றை வைத்துச் சுற்றிலும் சமமாக அழுத்தி இறக்குவதே முறை. வளையத்தின் விளிம்பு கூட்டின் முகப்பைவிடச் சற்று வெளியே நீட்டிக்கொண்டிருந்தால், பம்ப் உடலோடு முழுதாக ஒட்டாது. நட்டுகள் இறுகிவிட்டது போலத் தோன்றும். நடுவில் மெல்லிய சந்து இருக்கும். அதன் வழியே காற்று போகும். வேர் ரிங் மாற்றிய அன்றே வழுக்கல் கூடியதாக வரும் வண்டிகளில் இதையே முதலில் பார்க்க வேண்டும்.

காற்று நுழையும் வழிகள்

பம்பைக் கழற்றும்போது நியோபிரின் சீல் கிழிந்திருந்தால் அதையே திரும்பப் போடக் கூடாது. பழைய சீடூ சிலவற்றில் பம்புக்கும் உடலுக்கும் இடையே ஷிம் தகடுகள் இருக்கும். அவை இருந்த இடத்திலேயே திரும்ப வராவிட்டால் ஷாஃப்ட்டின் நேர்மை போய்விடும். யமஹாவில் பம்ப் ஷூவைச் சுற்றிய சிலிக்கோன் பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: இருட்டிய இடத்தில் ஒருவர் கிரேட் பக்கமிருந்து டார்ச் அடிக்க, மற்றவர் மறுபக்கத்தில் வெளிச்சக் கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கார்பன் வளையத்தில் கசிவு இருந்தால் அதைச் சுற்றி உடலின் உட்பக்கத்தில் கருந்தூளும் நீர்த்தெறிப்பும் கோடாகப் படிந்திருக்கும். இங்கே வெளிச்சந்தைப் பாகத்தின் பங்கு மறைமுகமானது. சீடூவில் அந்த வளையத்தின்மேல் ரப்பர் பெல்லோஸ் தரும் அழுத்தம், ஷாஃப்ட் முன்னும் பின்னும் எங்கே நிற்கிறது என்பதையும் சார்ந்திருக்கிறது. புதிய இம்பெல்லரின் ஹப் நீளம் ஒரிஜினலுக்கு மாறாக இருந்தாலோ, ஷாஃப்ட் முனையின் ரப்பர் பம்பர் மறந்துபோனாலோ அந்த அழுத்தம் மாறிவிடும். பழைய இம்பெல்லரையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி ஹப் நீளத்தையும் ஸ்ப்ளைன் (ஷாஃப்ட்டோடு கோக்கும் பற்கள்) ஆழத்தையும் அளந்துவிட்டால் இந்தச் சந்தேகம் வராது.

இம்பெல்லரும் ஸ்ப்ளைனும்

இம்பெல்லரில் 13/18 போலப் பொறித்திருக்கும் எண்கள் முன்விளிம்பு, பின்விளிம்புக் கோணங்களைக் குறிக்கும். கோணம் கூடினால் ஒரு சுற்றில் தள்ளும் நீர் கூடும். இன்ஜின் மேல் சுமையும் கூடும். முழு வேகத்தில் ஆர்.பி.எம். தயாரிப்பாளர் சொன்ன அளவுக்குப் பல நூறு கீழே நின்றால் பிட்ச் அதிகம். 300 குதிரைத்திறன் சீடூக்களில் அந்த அளவு 8,000-ஐ ஒட்டியது. குறைந்த ஆர்.பி.எம்.மில் சுமையோடு திணறி ஓடும் இன்ஜின் வெப்பத்தில் பாதிக்கப்படும். தயாரிப்பு அளவில் இருக்கும் இன்ஜினுக்கு, மாற்றியமைத்த இன்ஜினுக்கான இம்பெல்லரை வாங்குவதுதான் இதில் வழக்கமான பிழை.

மாட்டும்போது மரையின் திசையைக் கவனிக்க வேண்டும். யமஹா இம்பெல்லருக்கு இடமரை. சீடூவுக்கு வழக்கமான மரை. தெரியாமல் எதிர்த்திசையில் பலம் போட்டால் ஷாஃப்ட்டின் மரையே போய்விடும். ஒட்டுப்பசையும் முறுக்கு அளவும் அந்தந்த மாடலின் கையேட்டில் இருப்பதுதான். வேறு வண்டியின் அளவை இங்கே இறக்குமதி செய்யக் கூடாது.

ஸ்ப்ளைன் அழிவதுதான் பம்ப் பழுதுகளில் கொடிது. நடுநீரில் இன்ஜின் ஓடும், வண்டி நகராது. பல்லைத் தின்பது பெரும்பாலும் துரு. ஒரிஜினல் இம்பெல்லரோடு வரும் ரப்பர் மூடியோ ஓ-ரிங்கோ வெளிச்சந்தைப் பெட்டியில் இல்லாமல் போகலாம். பழையதிலிருந்து கழற்றி மாட்டவும் மறந்திருக்கலாம். நீர் உள்ளே போய், கிரீஸ் கரைந்து, சில மாதங்களில் பற்கள் கூர்மையிழக்கும். கழற்றும்போது ஸ்ப்ளைனிலிருந்து செந்நிறக் கசடு வந்தால் இம்பெல்லரை மட்டும் மாற்றிப் பயனில்லை. தேய்ந்த ஷாஃப்ட் புதிய இம்பெல்லரின் பற்களையும் தின்றுவிடும்.

பேரிங், சீல்

இம்பெல்லர் நீரைப் பின்னால் தள்ளும்போது தான் முன்னோக்கித் தள்ளப்படுகிறது. அந்த அச்சுவிசையைப் பல பம்புகளில் ஸ்டேட்டருக்குள் உள்ள பேரிங்கே தாங்குகிறது. அச்சுவிசைக்கென்று அமைத்த கோணத் தொடுகை பேரிங் இருந்த இடத்தில், விட்டம் ஒத்திருக்கிறது என்று சாதாரண பால் பேரிங்கை மாட்டினால் அது சீக்கிரமே கரகரக்கும். புதிய பேரிங்கை உள்வளையத்தில் தட்டி வெளிக்கூட்டுக்குள் இறக்கினாலும் அதே கதிதான். குண்டுகளின் பாதையில் அப்போதே வடு விழுந்துவிடும். இம்பெல்லரைப் பிடித்து மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரியக் கூடாது. சுற்றினால் கரகரப்பு கேட்கக் கூடாது.

சீலின் உதடு எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதில் கார் வேலை பழகிய கைகள் தடுமாறும். இங்கே சீலின் முதல் வேலை வெளிநீரை உள்ளே விடாமல் நிறுத்துவது. பழையதைக் கழற்றும் முன் திசையைப் படம் எடுத்து வைப்பது போதும். பம்பின் பின்முனைக் கூம்புக்குள் ஆயில் நிரப்பும் பழைய சீடூ பம்புகளில், ஆயில் பால்நிறமாகியிருந்தால் நீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். அவற்றை மூடியபின் 70 கிலோபாஸ்கலுக்கு மேற்படாத காற்றழுத்தம் கொடுத்து, 10 நிமிடம் இறங்காமல் நிற்கிறதா என்று சோதிக்கலாம். சோப்புநீர் தடவினால் கசியும் இடம் குமிழ் விடும்.

கிரேட், நாசில், அடித்தட்டு

வெளிச்சந்தை கிரேட்டோடு வரும் போல்ட்டுகள் நீளம் மாறியிருக்கும். துளையின் அடியில் முட்டி நின்ற போல்ட் கைக்கு இறுகியதாகவே தோன்றும்; கிரேட் மட்டும் ஆடிக்கொண்டிருக்கும். கழன்ற கிரேட் பம்புக்குள் போனால் இங்கே சொன்ன மற்றவற்றுக்கு வேலை இருக்காது. குறுகிய நாசில் உச்ச வேகத்துக்கு உதவும், கிளம்பும் உந்துதலைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். அகன்றது அதற்கு மாறாக.

பம்புக்குக் கீழே பொருந்தும் அடித்தட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. 2002-இல் வந்த சீடூ 4-டெக் முதல் அந்த வரிசையில் இன்ஜினின் கூலன்ட் மூடிய சுற்றில் ஓடுகிறது. அது ஆறும் இடம் அடித்தட்டுக்குள்தான். அதைக் குளிர்வழி இல்லாத வெறும் தட்டாக மாற்ற முடியாது. யமஹாவும் கவாசாகியும் பம்பிலிருந்தே நீரை எடுத்து இன்ஜினைக் குளிர்விக்கின்றன. ஆகவே பம்ப் வேலை முடிந்ததும் இன்ஜின் சூடானால், நீர் எடுக்கும் துளையின் வடிகட்டி சிலிக்கோனால் அடைபட்டதா, ஓ-ரிங் விடுபட்டதா என்று பார்க்க வேண்டும்.

மீண்டும் நீரில்

முதல் ஓட்டம் ஆழமான, தெளிந்த நீரில் இருக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது வண்டிக்கு அடியில் குறைந்தது 90 செ.மீ. நீர் வேண்டும் என்கிறது சீடூ. யமஹா கேட்பது 60 செ.மீ. புதிய வளையத்தில் இம்பெல்லர் லேசாக உரசினால் சில நிமிட மெதுவான ஓட்டத்தில் சரியாகிவிடும். உரசும் ஒலி தொடர்ந்தால் நிறுத்திக் கழற்ற வேண்டியதுதான். அதிர்வு இருந்தால் முதலில் இதழில் பாசியோ கயிற்றுத்துண்டோ சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அதன் பிறகே இம்பெல்லரின் சமநிலையைச் சந்தேகிக்கலாம். கரைக்கு வந்ததும் சீட்டைத் தூக்கி உடலுக்குள் புதிதாக நீர் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து, கிரேட், பம்ப் நட்டுகளின் முறுக்கைச் சரிபார்த்து, இடைவெளியை அதே நான்கு இடங்களில் மறுபடி அளந்து, பாகத்தின் எண்ணோடும் தேதியோடும் எழுதி வைக்க வேண்டும்.